பீச்சாங்கை எழுத்து

எனக்கு எழுத்து நின்றுபோனதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு இடம் உண்டு, ஒரு ஆள் உண்டு. எழுதுகிறவர்கள் பலர் எழுத்து ஏன் நின்றது என்று தெரியாமல் தவிப்பார்கள். எனக்கு அந்தத் தவிப்பு இல்லை. விளாங்குடியில் என் பெரியப்பா வீட்டு வாசலில், கல்யாணப் பந்தலுக்குள், மைக்குக்கு முன்னால், முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நின்றது. நிறுத்தியவர் ஒரு தமிழ் வாத்தியார். அவரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கதை எழுத உட்கார்ந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என்னிடம் அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வார இதழில் என் கதை ஒன்று, ஒரே ஒரு கதை, வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் டவுன் பஸ்ஸில்கூடக் கொஞ்சம் தலையைத் தூக்கித்தான் உட்கார்ந்துகொள்வேன். பெரியப்பா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வாழ்த்து மடல் நீதான் எழுதுற. ஊரே அசந்து போகணும்" என்றார்.

அப்போது எங்கள் பக்கம் வாழ்த்து மடல் இல்லாத கல்யாணம் கிடையாது. ரோஸ் கலர் தாளில் அச்சடிப்பார்கள். தாலி கட்டியதும் ஒருவர் அதை மைக்கில் வாசிப்பார். கல்கண்டோடு ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். ஒரு பிரதியைக் கண்ணாடி போட்டு மாப்பிள்ளை கையில் கொடுக்க, அது அந்த வீட்டுச் சுவரில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் தொங்கும். அடியில் எழுதியவர் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்காகவே நான் பதினைந்து நாள் எழுதினேன். நிலவே, தாமரையே என்றெல்லாம் போடவில்லை. அண்ணன் விடியற்காலையில் மோட்டார் போடப் போகிற வரப்பில் இனி இரண்டு பேர் கால்தடம் விழும் என்று எழுதினேன். அண்ணன் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

பிறகு அதைப் பெண்ணின் அண்ணனிடம் கொடுத்தார். அவர் வைகைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். எனக்கு மச்சான் முறை. பிழை இருந்தால் திருத்தி அச்சாபீஸில் கொடுத்துவிடட்டும் என்று அண்ணன் நினைத்ததில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். தமிழ் வாத்தியார் பார்த்தால் ஒரு கௌரவம்தானே என்று சந்தோஷப்படக்கூடச் செய்தேன்.

கல்யாணத்தன்று கல்கண்டுத் தட்டோடு ரோஸ் தாளும் வந்தது. நான் மேலிருந்து வாசிக்கவில்லை, நேரே அடிக்குப் போனேன். 'இங்ஙனம்' என்பதற்குக் கீழே மச்சானின் பெயர் இருந்தது. படிப்பும் பதவியும் சேர்த்துக் கொட்டை எழுத்தில். அச்சாபீஸ் பெயர்கூட ஒரு ஓரத்தில் இருந்தது. என் பெயர் இல்லை. அதற்குள் அவர் மைக்கைப் பிடித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல குரல். வரப்பும் கால்தடமும் வந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் எழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்தைக் கேட்டு ஒரு கூட்டம் இளகியது. நான் அதைப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, பறிகொடுத்தவனாக நின்று கேட்டேன்.

அவர் முடித்ததும் மேடையில் ஏறினேன். "மச்சான், இது நான் எழுதுனதுல்ல?" என்று அவரிடம் மட்டும்தான் கேட்டேன். மைக் அதை வாங்கி ஊருக்கே சொல்லிவிட்டது. அவர் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் பல் பல்லாக வரைந்து காட்டுவேன்.

"நம்ம மாப்ள இதை அவுக எழுதுனதுன்னு சொல்றாக. ரொம்பச் சந்தோசம். பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்தி இப்ப ரெண்டே ரெண்டு வரி எழுதிக் குடுக்கட்டும். அதையும் இதே மைக்குல நானே வாசிக்கிறேன். இந்தாங்க மாப்ள, பேப்பர். இந்தாங்க, பேனா."

வாங்கிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. வாங்காமல் இறங்கியிருக்கலாம். தாளைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மைக் எனக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நான் மூச்சு விடுவது வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாக மூன்று தெருவுக்குக் கேட்டது. அந்த மூச்சைத் தவிர என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "எழுதுங்க மாப்ள, அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு இருக்காகல்ல" என்றார். பேனாவை வைத்த இடத்தில் மை ஊறி ஒரு பொட்டுப் போலப் பரவியது. எங்கள் இருவரைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆளான அண்ணன் மாலையும் கழுத்துமாகத் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது யாரோ பின்னாலிருந்து, "பந்தி போட்டாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்கப்பா!" என்று கத்தினார்கள். கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்து போனது. மச்சான் என் கையிலிருந்த பேனாவை மறக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மறுவாரத்திலிருந்து விளாங்குடியில் எனக்குப் பெயர் 'ரெண்டு வரி'. "என்ன ரெண்டு வரி, டவுனுக்கா?" "ரெண்டு வரி, ஒரு டீ சாப்பிடுறது?" சின்னப் பிள்ளைகள் அதுதான் என் பெயர் என்றே நினைத்தன. அண்ணனிடம் போய்க் கேட்டேன். "பொண்ணு வீட்டு ஆளு தம்பி. தாலி கட்டுன அன்னைக்கே சண்டை போடச் சொல்றியா?" என்றார். கண்ணாடி போட்ட மடல் அவர் வீட்டு நடுச்சுவரில் ஏறியது. பொங்கலுக்குப் போனாலும் துக்கத்துக்குப் போனாலும் அதன் முகத்தில்தான் விழித்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான் எழுதவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. புது நோட்டு வாங்கினேன். பேனா மாற்றினேன். தை ஒன்றாம் தேதியிலிருந்து தினம் ஒரு பக்கம் என்று சபதம் எடுத்தேன், சித்திரைக்கு அதையே புதுப்பித்தேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். வைகை மணலில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பேனா தாளில் பட்டதும் குழாயில் என் மூச்சுக் கேட்க ஆரம்பித்துவிடும். என் நோட்டுகள் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் ஒரு மைப்பொட்டு மட்டும் இருந்தது.

இதற்கிடையில் எனக்கும் கல்யாணம் ஆனது, சிம்மக்கல்லில் ஒரு லாரி பார்சல் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டைகளுக்கு மார்க் போடுவது என் வேலை. கறுப்பு மையில் பிரஷ்ஷைத் தோய்த்துச் சாக்கின் மேல் கடை பெயரும் ஊரும் எழுத வேண்டும். கம்பம், போடி, பரமக்குடி, சிவகாசி. நாள் முழுக்க அடுத்தவன் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு மட்டும் பிரஷ் தடையில்லாமல் ஓடியது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வந்தது.

எண்பதுகள் தொடங்கிய சமயம் ஒருநாள் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, "மச்சானைத் தலைமை ஆசிரியராப் போடப் போறாங்களாம். மேலிடத்துக்குப் பேரு போயிருச்சு" என்றார். அவர் போன பிறகு மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டுப் பக்கத்துத் தபாலாபீஸில் ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கி வந்தேன். கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மொட்டைக் கடிதாசி எழுதுவது எங்கள் ஊரில் புதிய வித்தை இல்லை. கிணற்றுத் தகராறிலிருந்து கல்யாணத்தைக் கலைப்பது வரைக்கும் அதுதான். அதற்கு முதல் விதி, கையெழுத்துத் தெரியக்கூடாது. அதனால் பேனாவை இடக்கையில் பிடித்தேன். எங்கள் பேச்சில் பீச்சாங்கை. அந்த ஆளுக்கு அந்தக் கை போதும் என்றும் தோன்றியது.

'ஐயா,' என்று எழுதினேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோலக் கோணிக்கொண்டு போனது. குழாயில் மூச்சுக் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை. மேடையில் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றது வலக்கைதானே? இந்தக் கையை அவருக்குத் தெரியாது. இந்தக் கைக்கும் அவரைத் தெரியாது. மதியத்துக்கு மேல் வகுப்பில் தூங்குகிறார், பிள்ளைகளை விட்டுத் தன் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வைக்கிறார் என்று நான் கேள்விப்பட்ட இரண்டையும் எழுதினேன். தாள் நிறைந்துவிட்டது. ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒரு தாள் நிறைந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். லோடுமேன்கள் மூட்டை மேலேயே படுத்துத் தூங்குவார்கள். இரண்டு மணிக்கு முதல் லாரி வரும். அதற்குள் கடிதத்தை முடித்து ஒட்டி டிரைவரிடம் கொடுத்தேன். "அண்ணே, போற ஊர்ல பெட்டியில போட்டுருங்க." தேனித் தபால் முத்திரையோடு அது மதுரைக்குத் திரும்பி வரும். இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?

மறுநாள் மதியமும் ஒன்று எழுதினேன். அதற்கு மறுநாளும் எழுதினேன். ஒரே ஆள் எழுதியதாகத் தெரியக்கூடாது என்பதால் தினம் ஒரு ஆளாக மாறினேன். ஒருநாள் டீக்கடைக்காரர். ஒருநாள் வேலித் தகராறுக்காரர். ஒருநாள் அவர் பள்ளிக்கூடத்தில் ஆடு வளர்ப்பதாகவும் அந்த ஆடு வருகைப் பதிவேட்டைத் தின்றுவிட்டதாகவும் எழுதிவிட்டு, நானே சிரித்து ஒரு லோடுமேனை எழுப்பிவிட்டேன். டீக்கடைக்காரர் பேசுகிற மாதிரி வேலிக்காரர் பேச முடியாது. அவருக்கு என்ன வயது, எத்தனை பிள்ளை, எதற்குக் கோபம் என்றெல்லாம் காலையில் மார்க் போடும்போதே யோசித்து வைத்துக்கொள்வேன். ஒரு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிக்கு லாரி. நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் டிரைவர் கையில் கொடுத்தாக வேண்டும். சபதத்துக்கும் தை மாதத்துக்கும் படியாத கை, லாரி ஹாரனுக்குப் படிந்தது.

எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டும்போது பசையை நாக்கால் தொட்டு ரசித்துத்தான் ஒட்டினேன்.

சில மாதம் கழித்து ஒரு விதவைத் தாயை எழுதினேன். அவள் மகன் நன்றாகக் கட்டுரை எழுதுவான். போட்டிக்கு அவன் எழுதிய கட்டுரையை வாத்தியார் வேறு ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயரில் அனுப்பிவிட்டார். பரிசும் அந்தப் பிள்ளைக்குப் போனது. அன்றிலிருந்து மகன் வாய் திறப்பதில்லை. தாய் மதியம் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அவன் வந்து குடித்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவான். அவளை எழுதிய பிறகு வேறு ஆளை எழுத எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் நாலு நாள் அவளே எழுதினாள். களையெடுப்பதை எழுதினாள், மகனின் சட்டையில் பித்தான் தைத்ததை எழுதினாள். ஒருநாள் லாரி கிளம்பிப் போன பிறகுதான், அன்றைய கடிதத்தில் வாத்தியாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அந்தக் கடிதங்களில் ஒன்று ஒருநாள் என் சட்டைப்பையில் தங்கிவிட்டது. துவைக்க எடுத்த என் மனைவி படித்துவிட்டாள். நான் வீடு வந்தபோது அடுப்புப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இந்தம்மா எந்த ஊரு? நம்ம போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்றாள். அப்படி ஒரு பொம்பளையே கிடையாது என்றேன். கடிதத்தை என் மேலேயே எறிந்தாள். "இல்லாதவளுக்கு என்னை அழ வச்சுட்டீகளே!" கொஞ்ச நேரம் கழித்துச் சோறு போடும்போது, "இம்புட்டு எழுதத் தெரியுதுல்ல? பேரைப் போட்டு எழுதுனா என்ன?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்தில் என் பெயரை எடுத்தவர் மச்சான். இப்போது தினம் மதியம் என் பெயரை நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

கடிதங்கள் வேலை செய்தன. விசாரணைக்கு ஒரு அதிகாரி மச்சானின் பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கே போனார். விதவைத் தாயைத் தேடினார். இல்லாதவள் எப்படிக் கிடைப்பாள்? ஆனால் எங்கள் பக்கத்து ஜனம் அப்படியெல்லாம் அதிகாரியை வெறுங்கையோடு அனுப்பிவிடாது. "ஆமாங்கய்யா, அந்தம்மா சொன்னது நெசந்தான். பாவம், இங்கனதான் உக்காந்திருக்கும்" என்று புளியமரத்தடியைக் காட்டி மூன்று பேர் சாட்சி சொன்னார்களாம். ஆட்டைப் பார்த்ததாகவும் ஒருவர் சொன்னாராம். தலைமை ஆசிரியர் பதவி நிறுத்தி வைக்கப்பட்டது. எழுத்துமூலம் விளக்கம் கேட்டு மச்சானுக்கு நோட்டீஸ் போனது. அண்ணன் வந்து வருத்தமாகச் சொன்னபோது நான் முகத்தைச் சாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழி இல்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஷட்டர் பாதி இறங்கியிருந்த நேரத்தில், குனிந்து உள்ளே வந்தார் மச்சான். கையில் ஒரு மஞ்சள் பை. ஆள் பாதியாகியிருந்தார். என் அன்றைய கடிதம் பாதி எழுதியபடி மடியில் கிடந்தது. மையில் ஊறிய ஒரு துணியை எடுத்து அதன் மேல் போட்டேன்.

"மாப்ள, ஒரு உதவி. இந்த விளக்கத்தை நீதான் எழுதிக் குடுக்கணும்" என்றார்.

"நீங்க தமிழ் வாத்தியாராச்சே மச்சான்?"

"நீ எழுதுனா அது வேற மாப்ள. அன்னைக்கு அந்த மடலை எம்புட்டுப் பேரு பாராட்டுனாக தெரியுமா? இன்னமும் வரப்பு, கால்தடம்னு சொல்லுறாக." ஏதோ நானும் அவரும் சேர்ந்து செய்த ஒரு நல்ல காரியத்தைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். ஏழு வருஷம் எனக்குத் தொண்டையில் நின்ற முள் அவருக்கு இலையில் ஒதுக்கிய கறிவேப்பிலை. அந்த நிமிஷம் பிரஷ்ஷைத் தோய்த்து அவர் சட்டையில் மார்க் போட்டு ஏதாவது ஒரு லாரியில் ஏற்றிவிடலாமா என்று இருந்தது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூட்டை மேல் வைத்தேன். பேனாவைத் திறந்து கொடுத்தேன். "ரெண்டே ரெண்டு வரி மச்சான். நீங்க ஆரம்பிச்சுக் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

வாங்கிக்கொண்டார். 'ஐயா,' என்று எழுதினார். அப்புறம் பேனா நின்றுவிட்டது. எனக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டதோ அவ்வளவு நேரம் அவருக்கும் கொடுத்தேன். அவர் மூச்சுக் கேட்டது. கமாவுக்குப் பக்கத்தில் மை ஊறிப் பரவியது. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு இனிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை.

"வர மாட்டேங்குது மாப்ள" என்றார் கடைசியில். "எனக்கு எப்பவுமே வந்ததில்ல. பொஸ்தகத்துல இருக்கிறதை நல்லாச் சொல்லுவேன். சொந்தமா நாலு வரி வராது." பையிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்தார். கல்வி ஆபீஸில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் ஒருவர், பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தாராம். என் இன்லேண்ட் லெட்டர்கள். ஒன்றைப் பிரித்து வாசித்தார். விதவைத் தாயின் முதல் கடிதம். மைக் இல்லாமலே அதே குரல். கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கொடுக்கும் இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"எந்தப் பாவியோ எழுதுறான். ஆனா எழுத்துன்னா இது எழுத்து மாப்ள. பித்தான் தைக்கிற ஒரு கடுதாசி இருக்கு, படிச்சா உனக்கே கண்ணுல தண்ணி வரும்." கடிதத்தைப் பழையபடி மடித்தார். "நான் அந்தம்மாவைத் தேடிப் போனேன் தெரியுமா? மூணு தெரு விசாரிச்சேன். எந்தப் பையன் கட்டுரையை அப்படிச் செஞ்சேன்னு எனக்கு ஞாபகம் வரல. ஆனா செஞ்சிருப்பேன்னு தோணுச்சு. கண்டா மன்னிப்புக் கேப்போம்னு போனேன்."

நான் மடியில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் எழுத்தை ஒருவர் இப்படிப் பாராட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாராட்டியவர் அவர். செய்தது நினைவில் இல்லை என்கிறார், ஏமாந்த பையன் அவருக்கு எதிரே மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறான். சொல்லாமல் இருந்தால் நான் தப்பித்தேன், அவர் கெட்டார். எனக்கு வேண்டியது அதுதானே? ஆனால் சொல்லாமல் இருந்தால், அந்தத் தாயும் அவள் பித்தானும் எந்தப் பாவியோ எழுதியதாகவே போய்விடும்.

"அதை எழுதுனது நான்தான் மச்சான்."

அவர் நம்பவில்லை. சோர்வோடு சிரித்தார். பல் பல்லாக எனக்குத் தெரிந்த சிரிப்பு. "நீயா? சும்மா இரு மாப்ள. எங்க, ரெண்டு வரி எழுதிக் காட்டு, பாப்போம்." பழைய நினைப்பில் சொல்லவில்லை. அது அவர் வாயில் கிடக்கிற பேச்சு, வகுப்பில் தினம் பத்துப் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்.

'ஐயா,' என்று அவர் நிறுத்தியிருந்த அதே தாளை இழுத்தேன். பேனாவை இடக்கையில் பிடித்தேன். கோணல் எழுத்து இறங்க இறங்க அவர் சிரிப்பு இறங்கியது. 'என் மகன் இப்போது பேசுகிறான். அவன் எழுதியதற்கு அடியில் இனி அவன் பெயரைத்தான் போடுவானாம்.' பிறகு பேனாவை வலக்கைக்கு மாற்றினேன். அடியில் என் முழுப் பெயரைப் போட்டேன். இரண்டு மணி லாரி வாசலில் ஹாரன் அடித்தது.

அந்தத் தாள் ஒன்று போதும், என்னைப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுக்க. அவரும் அதை உணர்ந்தார். என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடிதக் கட்டைப் பார்த்தார். எந்தப் பையன் என்று ஞாபகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. தாளை நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, குனிந்து வெளியே போனார்.

அன்றிலிருந்து யார் ஷட்டரைத் தட்டினாலும் போலீஸ் என்றே எழுந்தேன். யாரும் வரவில்லை. மதியம் ஒரு மணிக்கு உட்காருவது மட்டும் நிற்கவில்லை. இப்போது வலக்கையால், நோட்டில். விதவைத் தாயைக் கதையாக எழுதி, என் பெயரைப் போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அது திரும்பி வந்தது. அடுத்ததை அனுப்பினேன். மூன்றாவது அச்சில் வந்தது. மச்சான் விளக்கமே கொடுக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. என் தாளைக் காட்டியிருந்தால் தப்பித்திருப்பார். காட்டினால் மடல் கதையையும் சொல்ல வேண்டிவரும், அந்த வெட்கம்தான் தடுத்தது என்று நான் சொன்னேன். "அவருக்கு உறைச்சிருக்கு, அம்புட்டுத்தான்" என்றாள் என் மனைவி. எங்களுக்குள் இன்று வரை அது தீரவில்லை.

அடுத்த வருஷம் அண்ணனின் கடைக்குட்டிப் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதே வாசல், அதே வேப்பமரம், அதே குழாய். சீர்த்தட்டோடு வந்த மச்சான் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். தண்ணீர் குடிக்க நானும் உள்ளே போனேன். பழக்கத்தில் கண் சுவருக்குப் போனது.

மடலின் அடியில் அவர் பெயர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சிறிய தாள்துண்டை ஒட்டி, மறுபடி மாட்டியிருந்தார்கள். துண்டில் இருந்தது என் கையெழுத்து. அன்று நான் போட்ட அதே கையெழுத்து. மேலே இருந்த இரண்டு வரியையும் வெட்டி எடுத்துவிட்டு, என்னைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய அந்தப் பெயரை மட்டும் மச்சான் ஒட்டியிருந்தார்.

நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. குழாய் வைத்து மூன்று தெருவுக்குக் கேட்க அவமானப்படுத்திவிட்டு, கண்ணாடிக்குள் யாருக்கும் தெரியாமல் திருப்பித் தருவதா? அந்த வீட்டில் யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை. வெளியே வந்ததும் ஒருவர், "வா ரெண்டு வரி, எப்ப வந்த?" என்றார்.

மைக் மேடையில் சும்மா நின்றது. நேரே போய்ப் பிடித்தேன். குழந்தையை மடியில் வைத்திருந்த மச்சான் நிமிர்ந்து பார்த்தார். நான் எதற்கு ஏறியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் எழவில்லை. தடுக்கவில்லை. 'சொல்லு' என்பதுபோல ஒருமுறை தலையை அசைத்தார். அண்ணன் மறுபடியும் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். கூட்டம் திரும்பியது. என் மூச்சுக் குழாயில் போய் மூன்று தெருவிலும் கேட்டது. மடலை எழுதியது நான், தன் பெயரைப் போட்டுக்கொண்டது மச்சான் என்று சொல்ல வேண்டியது இரண்டே வரி. இந்த முறை இரண்டு வரியும் நாக்கு நுனியில் இருந்தன.

"பந்தி போட்டாச்சு. எல்லாரும் சாப்பிட வாங்க" என்றேன்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நான் விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பார். என் மனைவிகூட அப்படித்தான் நினைத்து அன்று முழுக்க என்னிடம் பிரியமாக இருந்தாள். அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு வரியை மைக்கில் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்துபோயிருக்கும். அவர் தலை குனிந்திருப்பார், ஊர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருக்கும், எனக்கும் மனசு ஆறியிருக்கும். ஆறிவிட்டால் மறுநாள் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து நான் எதை வைத்து எழுதுவது?